காடு: ஒரு சொல்லும் பல துறைகளும்

1996ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்க வேண்டி டி. என். கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கு அது. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் காடு என்னும் சொல் எதனைக் குறிக்கும் என்பது அவ்வழக்கில் எழுந்த வினா. அரசின் பதிவேட்டில் காடு என்று எழுதப்பட்ட நிலம் மட்டுந்தான் காடா? நீதிமன்றம் அவ்வாறு கருதவில்லை. பதிவேட்டில் உள்ளவை காடு. அவற்றோடு, அச்சொல்லின் அகராதிப் பொருளுக்குப் பொருந்தி வரும் நிலம் எவருடைய உடைமையாக இருப்பினும் அதுவும் காடு என்று அது விளக்கம் தந்தது.

நாடு முழுவதும் மரம் வெட்டும் தொழிலையே நிலைகுலையச் செய்த இவ்வாணையைச் சட்ட அறிஞர்கள் பலவாறு ஆராய்ந்துள்ளனர். மொழி பயில்வோரும் பயிற்றுவோரும் அதனை ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் நம்மை நோக்கியும் அதில் ஒரு வினா உண்டு. நிலத்தின் தலைவிதியை அகராதி முடிவு செய்யும் என்றால், எந்த மொழியின் அகராதி? அந்த அகராதியில் அச்சொல்லுக்குப் பொருள் எழுதியவர் யார்? சொல்லாய்வாளரும் கவிஞரும் கூடியிருக்கும் நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், காடு என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, இலக்கியம், வரலாறு, தாவரவியல், வேளாண்மை, மானிடவியல், சட்டம் எனப் பல துறைகள் அதனை எவ்வாறு கண்டன என்று பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

பேரகராதி கூறும் காடு

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் காடு என்னும் சொல்லைப் பார்த்தால் வனம் என்னும் ஒரு பொருளோடு அது நிற்கவில்லை. மிகுதி என்பதும், புன்செய் நிலம் என்பதும், சுடுகாடு என்பதும் அச்சொல்லின் பொருள்களே. வெள்ளக்காடு, புகைக்காடு என்று நாம் சொல்லும்போது மிகுதிப் பொருள் வருகிறது. கரிசல்காடு என்னும்போது மரமே இல்லாத பருத்தி நிலம் நம் கண்முன் விரிகிறது.

வகுப்பில் காடு என்னும் சொல்லைக் கேட்டவுடன் தோன்றுவதை எழுதுங்கள் என்று மாணவியரிடம் கூறுவதுண்டு. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்தவர்கள் யானையையும் புலியையும் எழுதுவர். கொங்குப் பகுதியிலிருந்து வந்தவர்கள் கடலைச் செடியையும் சோளத்தட்டையும் எழுதுவர். "அப்பா காட்டுக்குப் போயிருக்கிறார்" என்று கொங்கு நாட்டு மகள் ஒருத்தி சொன்னால், அவர் ஏர் ஓட்டவோ களை எடுக்கவோ போயிருக்கிறார் என்றே பொருள். இரு சாராரும் தமிழ் பேசுகின்றனர். இரு சாராரும் பிழையின்றிப் பேசுகின்றனர்.

ஊர்ப்பெயர்கள் இதனை மேலும் தெளிவுபடுத்துகின்றன. திருவாலங்காடு, திருவெண்காடு, திருச்சாய்க்காடு, தலைச்சங்காடு, ஆர்க்காடு, ஏற்காடு, பாலக்காடு என்று மக்கள் நிறைந்து வாழும் ஊர்கள் காடு என்னும் ஈற்றைத் தாங்கி நிற்கின்றன. திருமறைக்காடு வடமொழியில் வேதாரண்யம் ஆயிற்று. மொழி மாறியபோதும் காடு மறையவில்லை. காரைக்கால் அம்மையாருக்கோ ஆலங்காடு பிணம் எரியும் சுடலையாகவும் இறைவன் ஆடும் அரங்காகவும் ஒருங்கே அமைந்தது. ஊரார் அஞ்சி விலகும் இடத்தையே ஒரு பெண் தன் கவிதையின் இடமாகத் தேர்ந்துகொண்டாள் என்பது தமிழ்க் கவிதை வரலாற்றில் சிறிய செய்தி அன்று. கொற்றவைக்குக் காடுகிழாள் என்னும் பெயர் உண்டு. கிழமை என்பது உரிமை. காட்டுக்கு உரியவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதே அப்பெயரின் பொருள்.

ஆகவே ஊருக்கு வெளியே உள்ளது, பாய்ச்சல் நீர் எட்டாதது, அடர்ந்து பெருகியது, உயிர் முடிந்தபின் உடல் செல்வது ஆகிய அனைத்தையும் தமிழ் ஒரே சொல்லால் வழங்கியது. மரங்கள் நிறைந்த இடம் என்பது அவற்றுள் ஒன்று மட்டுமே.

திணை வகுத்த காடு

தொல்காப்பியம் முல்லையைக் காட்டோடும், குறிஞ்சியை மலையோடும், மருதத்தை நீர்வளம் பெற்ற வயலோடும், நெய்தலைக் கடற்கரை மணலோடும் சேர்த்தது. பாலைக்குத் தனி நிலம் கூறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரியும்போது பாலை வடிவம் கொள்ளும் என்று பின்னர்ச் சிலப்பதிகாரம் தன் காடுகாண் காதையில் விளக்கியது. இதனுள் ஒரு நுட்பமான நிலவியல் கருத்து அடங்கியுள்ளது. கொடுமை என்பது நிலத்தின் நிலைத்த பண்பு அன்று. காலத்தால் வந்து காலத்தால் நீங்கும் நிலை அது.

கருப்பொருள் பட்டியலும் கருதத்தக்கது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றை ஒரே வரிசையில் வைக்கிறது இலக்கணம். இன்றைய ஆய்வு நூல் ஒன்று இவற்றை விலங்கியல், தாவரவியல், இசையியல், பொருளியல், சமயம் என்று ஐந்து துறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். திணை பிரிக்கவில்லை. மனிதர் உண்ணும் உணவும் செய்யும் தொழிலும் இல்லாமல் அங்கே காடு இல்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வருவதை நம் வட்டத்தார் அனைவரும் அறிவர். அப்பூக்களைக் கொய்தவர்கள் தினைப்புனம் காக்கச் சென்ற பெண்கள் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. காலையில் பயிர்க் காவல். நண்பகலில் அருவி நீராட்டும் காட்டுப் பூக்களும். ஒரே நாளில், ஒரே மலைச்சரிவில், பயிரும் காடும் அடுத்தடுத்து இருக்கின்றன. இடையில் வேலி இல்லை.

புனம் என்பது காட்டை எரித்துத் திருத்திய மலைநிலம். புதிதாகத் திருத்திய கொல்லைக்கு இதை என்றும், நெடுநாள் உழுத பழங்கொல்லைக்கு முதை என்றும் பெயர் வைத்திருந்தனர். அந்த முதை என்னும் சொல்லுக்கே காடு என்னும் பொருளும் உண்டு. உழுத நிலம் விடப்பட்டுக் காடாகிறது. காடு மீண்டும் புனமாகிறது. இந்தச் சுழற்சியை அறிந்தவர்கள் இரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்கியதில் வியப்பில்லை.

காடு நாடான கதை

இவ்வாறு கூறுவதால் பழந்தமிழர் காட்டின்மேல் கைவைக்காதவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காட்டை அழித்து மக்கள் வாழும் நாடாக்கியதைக் கரிகாலனின் பெருமையாகப் பட்டினப்பாலை போற்றுகிறது. பல்லவர்க்குக் காடுவெட்டி என்பது பட்டப்பெயர். குளம் தோண்டுவதும் காடு திருத்துவதும் அரசனின் கடமையாகவே கருதப்பட்டன. கோட்டையைச் சுற்றி மிளை எனப்படும் காவற்காடு வைத்துக் காத்ததும் அவ்வரசர்களே. ஒருபுறம் வெட்டியும் மறுபுறம் வளர்த்தும் அரசு காட்டைத் தன் தேவைக்கு ஏற்ப ஆண்டது.

விசயநகரக் காலக் கல்வெட்டு வழக்கில் நீராரம்பம், காடாரம்பம் என்று இரு சொற்கள் வருகின்றன. முன்னது பாசன நிலம். பின்னது வானம் பார்த்த நிலம். வரி வாங்குவோரின் கண்ணில் காடு என்பது குறைந்த வரி தரும் நிலம். மருத நிலத்தின் செல்வம் பெருகப் பெருக, காட்டில் வாழ்வோரைத் தாழ்வாகப் பார்க்கும் போக்கும் பெருகியது. காட்டான், காட்டுமிராண்டி என்னும் வசைச்சொற்கள் எவராலோ நம்மேல் ஏற்றப்பட்டவை அல்ல. அவை நம் வாயில் விளைந்தவை. சித்த மருத்துவ மரபும் ஐந்திணை வழியே நிலங்களின் நோய்களை வகுத்து, மருதத்தையே நோய் நீக்கும் நன்னிலமாகக் கொண்டது. அறிவு எங்கிருந்து எழுதப்படுகிறதோ, அந்த இடம் நல்ல இடமாகிவிடுகிறது.

ஆயினும் இக்காலம் முழுவதும் காட்டில் ஆள் இருக்கக் கூடாது என்று எவரும் கூறவில்லை. ஆளை இழிவுபடுத்தினர், ஆள் இருப்பதை மறுக்கவில்லை. மறுக்கும் கருத்து வேறொரு வழியாக வந்தது.

கடல் கடந்து வந்த சொற்கள்

ஆங்கிலத்தில் காட்டைக் குறிக்கும் 'ஃபாரஸ்ட்' என்னும் சொல் 'வெளியே' என்னும் பொருள் தரும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது என்பர். நார்மானிய மன்னர்கள் காலத்து இங்கிலாந்தில் அது ஒரு சட்டச் சொல். மன்னனின் வேட்டைக்கென ஒதுக்கப்பட்டு, பொதுச் சட்டத்திற்கு வெளியே நின்ற நிலத்தை அது குறித்தது. அந்நிலத்தில் மரம் இருக்க வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. அக்கொடுமையைக் குறைத்து, எளிய மக்கள் அங்கே விறகு எடுக்கவும் ஆடுமாடு மேய்க்கவும் உரிமை தந்த வனச் சாசனம் 1217இல் பிறந்தது.

'ஜங்கிள்' என்னும் மற்றொரு சொல்லின் வரலாறு இன்னும் வியப்பானது. அது ஜாங்கலம் என்னும் வடசொல்லின் வழிவந்தது. பிரெஞ்சு அறிஞர் ஃபிரான்சிசு சிம்மர்மன் 1982இல் வெளியிட்ட ஆய்வில் ஆயுர்வேத நூல்களை ஆராய்ந்து, அங்கே ஜாங்கலம் என்பது ஈரமும் அடர்த்தியும் அற்ற, வறண்ட, திறந்த, உடல்நலத்துக்கு ஏற்ற நிலத்தைக் குறித்தது என்று காட்டினார். அதற்கு எதிரான சதுப்பு நிலம் ஆனூபம் எனப்பட்டது. மருத்துவ நூலில் வறண்ட புதர்வெளியாக இருந்த சொல், ஆங்கிலேயர் வாயில் இருண்ட, ஈரமான, காய்ச்சல் பரப்பும் அடர்காடாகத் தலைகீழாக மாறியது. ஒரு சொல் துறை விட்டுத் துறை தாவும்போதும் மொழி விட்டு மொழி தாவும்போதும் நேரும் மாற்றத்துக்கு இதனினும் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை.

1856இல் மருத்துவரும் தாவரவியலாளருமான ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக அமர்ந்தார். கப்பலுக்குத் தேக்கும், புதிய இருப்புப்பாதைக்கு அடிக்கட்டைகளும், எஞ்சினுக்கு விறகும் தேவைப்பட்ட காலம் அது. காடு விரைந்து அழிவதை அவர் உண்மையாகவே கண்டு கவலையுற்றார். ஆனால் அவர் முதலில் குறைகண்டவற்றுள் ஒன்று, மலைமக்கள் காட்டை எரித்துப் பயிரிடும் முறை. அன்றைய அலுவலர்கள் அதனைக் குமரி என்று எழுதினர். குறிஞ்சித் தலைவி கிளி ஓட்டிக் காத்த புனம் இவ்வாறு அரசுக் கோப்பில் குற்றமாயிற்று.

1878இல் இந்திய வனச் சட்டம் வந்தபோது சென்னை மாகாணம் அதனை ஏற்கவில்லை. இம்மாகாணத்தில் ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்காத, ஊர்மக்கள் தொன்றுதொட்டு அனுபவிக்கும் உரிமை இல்லாத காடு மிக அரிது என்று சென்னை வருவாய் வாரியம் 1870களின் தொடக்கத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்திருந்தது. ஆங்கில அலுவலர்களே கூறிய சான்று இது. எனினும் 1882இல் சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. காப்புக்காடு என்னும் புதுச்சொல் பிறந்தது. பழைய காவற்காடு பகைவரை வெளியே நிறுத்தியது. புதிய காப்புக்காடு ஊராரை வெளியே நிறுத்தியது.

நீலகிரியின் புல்வெளி

எது இயற்கைக் காடு என்னும் வினாவில் அறிவியல் துறைகள் பட்ட இடர்ப்பாட்டை நீலகிரியில் காணலாம். அம்மலையின் உச்சிப் பரப்பு இயல்பில் பரந்த புல்வெளி. அதன் மடிப்புகளில் நீரோடை வழியே சிறு சிறு அடர்காடுகள். அக்காடுகளைத் தமிழர் சோலை என்றனர். இலக்கியத்தில் இன்பச் சூழலைக் குறித்த சோலை, ஆங்கிலேயர் வழியாக 'ஷோலா' ஆகி, இன்று உலகத் தாவரவியல் நூல்களில் மலையுச்சிக் காட்டுக்குரிய கலைச்சொல்லாக வழங்குகிறது. கவிஞரின் சொல் ஒன்று அறிவியலின் சொல்லானது நமக்குப் பெருமை தருவதே.

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி மேல் ஏறினார். அவருக்குப் பின் வந்தவர்களின் கண்ணுக்குப் புல்வெளி வெறும் தரிசாகத் தோன்றியது. மரமற்ற இடம் மரம் இழந்த இடம் என்று எண்ணினர். ஆஸ்திரேலியாவின் சீகை மரங்களும் தைல மரங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கொண்டுவரப்பட்டன. நாடு விடுதலை பெற்ற பின்னரும் தோல் பதனிடும் பட்டைக்கும் கூழுக்குமாக அவை பரந்த அளவில் நடப்பட்டன. இன்று சீகை, நட்ட இடத்தில் நில்லாமல் தானே பரவிப் புல்வெளியை விழுங்குகிறது.

அப்புல்வெளி மனிதன் காட்டை எரித்ததால் உண்டானதா, இயற்கையானதா? 1938இல் இவ்வினா அறிஞரிடையே எழுந்தது. என். எல். போர் என்பவர் தீயும் மேய்ச்சலுமே காரணம் என்றார். நம் சி. ஆர். ரங்கநாதன் அதனை மறுத்து, மரக்கன்றுகளைக் கொல்லும் உறைபனியே புல்வெளியைக் காத்து நிற்கிறது என்றார். விடை காண அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஆர். சுகுமார் முதலிய அறிஞர்கள் நீலகிரிச் சதுப்பு நிலங்களில் படிந்த மட்கை ஆழத்திலிருந்து எடுத்து ஆராய்ந்து, 1993இல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். வெப்பநிலப் புல்லும் மரமும் தம்முள் சேர்க்கும் கரியணு வகைகளின் விகிதம் வேறு வேறு. அவ்விகிதத்தை அளந்தபோது, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், உலகம் பனியுகத்தில் இருந்த காலத்திலேயே, அங்கே புல் மிகுந்திருந்தமை தெரிய வந்தது. பின்னர் ஈரமான காலங்களில் காடு பரவியும் வறண்ட காலங்களில் புல் பரவியும் மாறி மாறி வந்துள்ளன. நிலத்தின் நிலை காலத்தால் திரியும் என்று திணை கூறியதை இது நினைவூட்டுகிறது. பழம்புலவர் கரியணுவை அளந்தார் என்று நான் கூற வரவில்லை. நிலத்தோடு நெடுநாள் பழகியவர் கண்டதும் கருவி கொண்டு அளந்தவர் கண்டதும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பதே என் கருத்து.

அப்புல்வெளியில் எருமை மேய்த்து வாழ்ந்தவர் தோடர். டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்சு 1906இல் வெளியிட்ட 'தோடர்' என்னும் நூல் மானிடவியலின் தொடக்கக்காலப் பெருநூல்களுள் ஒன்று. 1930களின் பிற்பகுதியில் தங்கி ஆராய்ந்த எம். பி. எமனோ, 1971இல் தோடர் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். நம் மொழிக்கு உடன்பிறந்த திராவிட மொழி அது. மலைகள், ஓடைகள், பால்மனைகள், எருமைகள் ஆகியவற்றின் பெயர்களை இணையிணையாக அடுக்கிச் செல்லும் வாய்மொழிப் பாடல்கள் அவை. ஆட்சியாளர் தரிசு என்று எழுதிய நிலத்தில் தோடர் பாடலோ பெயரில்லாத மேட்டைக் காண்பதில்லை. ஒரு நிலம் வெறுமையாகத் தோன்றுவது பெரும்பாலும் அதன் பெயர்களை அறியாதவருக்கே.

மானிடவியலில் காடு பற்றிய எண்ணம் முற்றும் மாறியது 1962இல் எனலாம். அவ்வாண்டு கிளாடு லெவி-ஸ்திராசு வெளியிட்ட பிரெஞ்சு நூலின் தலைப்புக்குக் கட்டற்ற சிந்தனை என்றும் காட்டுப்பூ ஒன்றின் பெயர் என்றும் இரு பொருள் உண்டு. அது காட்டுமனிதரின் சிந்தனை அன்று. பயன் கருதிப் பாத்தி கட்டி வளர்க்கப்படாத சிந்தனை. அது எல்லா மனிதரிடமும் உண்டு என்றும், கலையில் அது இன்றும் காக்கப்படுகிறது என்றும் அவர் கருதினார். கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டத்திற்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

நாணலும் கரும்பும்

வேளாண் அறிவியல் காட்டை வேறு வகையில் தேடிச் சென்றது. 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அன்று பயிரிடப்பட்ட தடித்த கரும்பு இனிப்பானது. ஆனால் வடஇந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்காதது. சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் அதனோடு ஆற்றங்கரைகளில் தானே வளரும் நாணலை இணைத்தனர். அக்கலப்பில் பிறந்த கோ 205 என்னும் கரும்பு 1918இல் பஞ்சாபுக்காக வெளியிடப்பட்டது. 'கோ' என்பது கோயம்புத்தூரின் முதலெழுத்து. களை என்று ஒதுக்கப்பட்ட காட்டுப்புல் இல்லையேல் வடஇந்தியக் கரும்பு வயல்கள் இன்றைய நிலையை எய்தியிரா. பயிர் நலியும்போதெல்லாம் உழவியல் தன் பயிரின் காட்டு உறவினரை நாடிச் செல்கிறது. நாகரிகம் தான் துரத்தியதிடமே கடன் கேட்டு நிற்பதை இது காட்டுகிறது.

அந்நிலையத்தில் 1934 முதல் பணியாற்றியவர் தலைச்சேரியில் பிறந்த இ. கே. ஜானகி அம்மாள் (1897–1984). பெண்கள் பட்டம் பெறுவதே அரிதாயிருந்த காலத்தில் 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பின்னர் சி. டி. டார்லிங்டனோடு இணைந்து, பயிர்த் தாவரங்களின் மரபிழைகளைத் தொகுத்த பெருநூலை 1945இல் வெளியிட்டார். வாழ்நாளெல்லாம் பயிர்களை ஆராய்ந்த அவர் முதுமையில் குரல் கொடுத்தது ஒரு காட்டுக்காக. பாலக்காட்டு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டும் திட்டத்தை அவர் எதிர்த்தார். அப்போராட்டத்தில் சுகதகுமாரி முதலிய மலையாளக் கவிஞர்களும் முன்னின்றனர். 1984இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா என அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே ஜானகி அம்மாள் மறைந்துவிட்டார். பயிரை அறிந்தவர் காட்டைக் காக்க முன்வந்ததில் முரண் இல்லை. இரண்டுக்கும் இடையே உள்ள உறவை ஆய்வகத்தில் நேரில் கண்டவர் அவர்.

ஆளில்லாக் காடு

1872இல் அமெரிக்காவில் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா நிறுவப்பட்டது. 1964இல் அந்நாடு இயற்றிய கன்னிநிலச் சட்டம், மனிதன் வந்து போகும் விருந்தினன் மட்டுமே, தங்குபவன் அல்லன் என்னும் அடிப்படையில் அத்தகைய நிலத்தை வரையறுத்தது. ஆனால் அப்பூங்காவில் தொன்றுதொட்டு வேட்டையாடியும் தங்கியும் வந்த பழங்குடி மக்கள் இருந்தனர். அவர்கள் அகற்றப்பட்ட பின்னரே அது ஆளில்லா நிலமாகக் காட்சி தந்தது. இக்கருத்து ஏழை நாடுகளுக்கு இறக்குமதி ஆவதன் கேட்டை ராமச்சந்திர குகா 1989இல் எடுத்துக்காட்டினார். கன்னிநிலம் என்பது நகரத்தார் படைத்த கற்பனை என்று வரலாற்றறிஞர் வில்லியம் குரோனன் 1995இல் எழுதினார். இருவரும் காட்டைக் காக்க வேண்டாம் என்று கூறியவர் அல்லர். எவரை வெளியேற்றிக் காக்கிறோம் என்று கேட்டவர்கள்.

நம் நாட்டில் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. அவற்றால் விளைந்த நன்மை பெரிது. யானையும் புலியும் வரையாடும் இன்னும் இருப்பதற்கு அவையும் காரணம். முதற்கண் கூறிய 1996ஆம் ஆண்டு ஆணை எத்தனையோ மரங்களைக் காத்தது. ஆனால் அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே 2002இல் வன ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களும் ஆக்கிரமிப்பாளர் பட்டியலில் சேர்ந்தனர். அதனை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின் பயனாக 2006இல் வன உரிமைச் சட்டம் பிறந்தது. காட்டுவாழ் மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதை அச்சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொண்டது. பின்னர் 2023இல் 1980ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டுக் காடு என்பதன் எல்லை மீண்டும் பதிவேடுகளை நோக்கிச் சுருங்கியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை, 1996இல் கூறிய அகராதிப் பொருளையே தொடர்ந்து பின்பற்றச் செய்தது.

ஒரு சொல்லின் பொருள் விரிந்தால் மரம் பிழைக்கிறது. சுருங்கினால் மரம் விழுகிறது. ஆனால் அந்த விரிவிலும் மனிதருக்கு இடம் வைக்கப்படவில்லை. அகராதியில் மரங்களின் தொகுதி என்று மட்டும் பொருள் எழுதியிருந்தால், அங்கே புனம் காத்தவளின் பேர்த்தி அத்துமீறி நுழைந்தவள் ஆகிறாள். புல்வெளியோ மரம் இன்மையால் தரிசாகிறது. இரண்டும் ஒரே குறைபாட்டின் இரு விளைவுகள்.

நம் பேரகராதியை நீதிமன்றத்தில் வைத்தால் சிக்கல் தீர்ந்துவிடுமா? தீராது. கொங்கு உழவர் கடலைக்காட்டில் களை எடுக்கவும் மத்திய அரசின் இசைவு கேட்க நேரிடும்! சட்டத்துக்கு ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் வேண்டும். மொழி அவ்வாறு இயங்குவதில்லை. ஆகவே பழஞ்சொல்லைப் போற்றிப் பாடுவதால் மட்டும் பயன் விளையாது. ஆனால் முல்லை, புறவு, புனம், இதை, முதை, மிளை, சோலை, சுரம் என்று நிலத்தின் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்த மொழி, இன்று வனம் என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அனைத்தையும் அடைக்கும்போது, அச்சொற்கள் சுட்டிய வேறுபாடுகளையும் நாம் இழக்கிறோம். வேறுபாடு தெரியாத இடத்தில் சட்டமும் வேறுபாடு காணாது.

இவ்வட்டத்துக் கவிஞர்கள் காட்டைப் பாடுகின்றனர். அவற்றுள் பல கவிதைகளில் காடு ஆளற்ற அமைதியாக, நகரத்துக்கு மாற்றாக, பச்சை நிறமாக வருகிறது. அந்தக் காடு எல்லோஸ்டோன் வழியே வந்தது என்பதை உணர்தல் நன்று. விறகு சுமப்பவளும், தேன் எடுப்பவனும், மாடு மேய்க்கும் சிறுவனும், பிணம் எரிப்பவனும், கடலை பறிப்பவளும் உள்ள காடு நம் சொல்லிலேயே இருக்கிறது. இருளரும் குறும்பரும் தோடரும் தம் நிலத்துக்கு வழங்கும் பெயர்களில் பெரும்பாலானவை நம் அகராதிகளில் இன்னும் ஏறவில்லை. வட்டார வழக்கில் காடு பெறும் பொருள்களும் முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் இவ்வட்டம் தன் உறுப்பினரின் ஊர்களிலிருந்து அச்சொற்களைத் திரட்டத் தொடங்கினால், அது வெறும் சொற்பட்டியலாக முடியாது. நீதிமன்றம் மறுமுறை அகராதியைக் கேட்டு வரும்போது, அதில் அந்த மக்களும் இருப்பார்கள்.